பொருள்கள் பேசத் தொடங்கிய கதை



இணையம் என்றதும் நம் நினைவுக்கு வருவது கைப்பேசிதான். அதில் படம் பார்க்கிறோம், பாட்டுக் கேட்கிறோம், தூரத்துச் சொந்தபந்தங்களோடு பேசுகிறோம். ஆனால் மனிதர்கள் மட்டுமல்ல, பொருள்களும் இணையத்தில் பேசும் காலம் இது. விளக்கு, தண்ணீர்த் தொட்டி, மழைமானி எதையும் இணையத்தோடு பிணைக்கலாம். "அதெல்லாம் பெரிய படிப்பு படிச்சவங்க வேலை, நமக்கெதுக்குங்க?" என்று ஒதுங்கிவிடாதீர்கள். இது பிறந்த வரலாற்றைக் கொஞ்சம் கேளுங்கள்.

தாகத்தில் பிறந்த விஞ்ஞானம்

1982ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கார்னகி மெலன் பல்கலைக்கழகம். அங்கே கணினித் துறையில் இருந்தவர்கள் சிலருக்கு ஒரு சின்னக் குறை. கோக் விற்கும் இயந்திரம் அவர்கள் அறையிலிருந்து தூரத்தில் இருந்தது. நடந்து போய்ப் பார்த்தால் சில நாள் புட்டியே இருக்காது. சில நாள் அப்போதுதான் அடுக்கி வைத்த சூடான புட்டி கிடைக்கும்.

அந்த இயந்திரத்தில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சிறு விளக்கு உண்டு. ஒரு புட்டி விற்றால் விளக்கு சில விநாடி எரிந்து அணையும். வரிசை காலியானால் எரிந்துகொண்டே இருக்கும். அவர்கள் அந்த விளக்குகளைக் கவனிக்க ஒரு மின்பலகை செய்து, கம்பி இழுத்துக் கணினியோடு இணைத்தார்கள். எந்த வரிசையில் புட்டி இருக்கிறது, அது குளிர்ந்துவிட்டதா என்பதை இருந்த இடத்திலிருந்தே தெரிந்துகொண்டார்கள். இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வழியாக வெளியூர்க்காரர்களும் அதைப் பார்க்க முடிந்தது.

1990இல் ஜான் ராம்கி என்பவர், ஒரு கண்காட்சியில் ரொட்டி வாட்டும் இயந்திரத்தை இணையத்தின் வழியாக இயக்கிக் காட்டினார். இணையம் செய்தது சூட்டைப் போட்டு நிறுத்துவது மட்டுமே. ரொட்டியை உள்ளே வைக்க மனிதக் கைதான் வேண்டியிருந்தது!

1991இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் காப்பிப் பானை ஒன்றின் முன் படக்கருவி வைத்தார்கள். பானையில் காப்பி இருக்கிறதா என்று மாடி ஏறி வந்து பார்க்கும் சிரமம் தீர்ந்தது. 1993இல் அந்தப் படம் உலகம் முழுவதும் தெரிந்தது. 2001இல்தான் அந்தக் கருவியை நிறுத்தினார்கள்.

பார்த்தீர்களா? கோக் புட்டியும் காப்பிப் பானையும்! தினசரித் தேவை ஒன்றைத் தீர்க்கப் போய், புதியதொரு துறைக்கே வழி திறந்துவிட்டார்கள்.

நம் மண்ணில்

நம் நாட்டில் மின்னியல் ஆராய்ச்சிக்காக மிமோஸ் 1985இல் தொடங்கப்பட்டது. அது உருவாக்கிய ஜாரிங் சேவை 1992இல் நம்மை உலக இணையத்தோடு சேர்த்தது. 1999இல் பிரதமர் அலுவலகம் புத்ராஜெயாவுக்குப் போனது. அந்த நகரம் எழுந்த இடம் எது தெரியுமா? நம்மவர்கள் பால் வெட்டிய பிராங் பெசார் தோட்டம்! தோட்டம் போய் மின்னியல் நகரம் வந்தது. அங்கே நம் பிள்ளைகள் என்னவாகப் போகிறார்கள் என்பதே நம் முன் நிற்கும் கேள்வி.

வழியோ முன்பைவிட எளிது. 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் மின்னியல் படிக்காத மாணவர்களுக்காக அர்டுயினோ என்னும் கணிப்பலகை பிறந்தது. 2014இல் ஷாங்காயின் எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் சில்லு, கம்பியில்லாமலே இணையத்தில் சேரும் வசதியை மலிவாக்கியது. இப்போது ஐம்பது ரிங்கிட்டுக்குள் அத்தகைய பலகை ஒன்று கிடைக்கிறது.

முதலில் என்ன செய்யலாம்?

மழைமானி செய்யலாம். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை என்பதைத் தோட்டத்தார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. தோட்ட அலுவலகங்களில் அன்றாட மழை அளவை எழுதி வைப்பது பழைய வழக்கம். 2021 டிசம்பரில் வந்த பெருவெள்ளம் நம் கோலலங்காட் வட்டாரத்தையும் வாட்டியது. லங்காட் ஆற்றின் நீர்மட்டத்தை வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் கருவிகள் அளந்து இணையத்தில் சொல்கின்றன. அதே தத்துவத்தைப் பிள்ளைகளும் செய்து பார்க்கலாம்.

ஏற்றமரம் போன்ற சிறு பலகையின் இரு முனைகளிலும் இரண்டு கிண்ணங்கள். ஒன்று நிறைந்தால் சாய்ந்து தண்ணீரைக் கொட்டும். மற்றது மேலே வரும். ஒவ்வொரு சாய்விலும் ஒரு காந்தம் சிறு சுவிட்சைத் தொடாமலே மூடித் திறக்கும். கணிப்பலகை அதை எண்ணி இணையத்துக்கு அனுப்பும். அளந்த தண்ணீரை மெல்ல ஊற்றி, எத்தனை முறை சாய்கிறது என்று முதலில் கணக்குப் பாருங்கள். உணர்வது, எண்ணுவது, அனுப்புவது: இந்த மூன்றுதான் எல்லாக் கருவிக்கும் அடிப்படை.

இரண்டு எச்சரிக்கை. பேட்டரி மின்சாரத்தில் மட்டும் பழகுங்கள். சுவர் மின்சாரத்தில் கை வைக்காதீர்கள். வாங்கிய கருவியின் கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். 2016இல் மிராய் என்னும் தீய நிரல், மாற்றாத கடவுச்சொற்களைப் பயன்படுத்தி இலட்சக்கணக்கான கருவிகளைத் தன் வசமாக்கியது.

பெற்றோர்களே, நம் வீட்டுப் பிள்ளை பழைய விளையாட்டுச் சாமானைப் பிரித்துப் போட்டால் உடனே அடிக்க ஓடாதீர்கள். "உள்ளே என்னப்பா இருக்கு?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மாணவர்களே, பள்ளியில் நான்கு பேர் கூடி ஒரே ஒரு கருவி செய்யுங்கள். ஒரு முறையில் வராவிட்டால் மறுபடி செய்யுங்கள். வாங்குகிற சமுதாயம் மட்டுமாய் இராமல், செய்கிற சமுதாயமாகவும் நாம் உயர்வோமாக!