ஓமலூர் வழியாக குல்மார்க்

ஜலகண்டாபுரத்திலிருந்து தாரமங்கலம் போய் ஓமலூரைத் தொட்டால் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை. தெற்கே திரும்பினால் கன்னியாகுமரி, வடக்கே திரும்பினால் ஸ்ரீநகர். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அது பெங்களூர் ரோடு, அவ்வளவுதான். வயசானவர்கள் இன்னும் ‘ஏழாம் நம்பர் ரோடு’ என்பார்கள். 2010-ல் எண்களை மாற்றுவதற்கு முன்பு அது ஏழாம் எண் சாலை, கன்னியாகுமரியில் தொடங்கி வாரணாசியில் முடிந்தது. என் சின்ன மாமாவுக்கு மட்டும் அது ஆப்பிள் ரோடு. சங்ககிரி லாரி ஒன்றில் சவ்வரிசி ஏற்றிக்கொண்டு டெல்லி போவார். பருவத்தில் காலி வண்டியாகத் திரும்ப மனசு வராது. மேலே காஷ்மீர் போய், சோப்பூர் மண்டியில் ஆப்பிள் பெட்டி ஏற்றிக்கொண்டு இறங்குவார்.

அதே சாலையில் நானும் இரண்டு நண்பர்களும் ஒரு மார்ச் மாதம் காரில் போனோம். பின்னால் கேரியரில் மலை சைக்கிள்கள் கட்டியிருந்தன. காஷ்மீரின் குல்மார்க்கில் ஸ்கீ எனும் பனிச்சறுக்கு, பனி குறைந்த இடத்தில் சைக்கிள், இதுதான் திட்டம். மாமாவிடம் சொன்னபோது, “பனியில வெளையாடறதுக்கா மூவாயிரம் கிலோமீட்டர் போறீங்க மாப்ள?” என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே புரியாத கேள்வி. பனி அவருக்கு காஷ்மீரில் காசிகுண்டு என்ற ஊரில் வண்டியை நிறுத்திப் போடும் சமாச்சாரம். ராம்பன் பக்கம் மண் சரிந்தால் லாரிகளை அங்கேயே மறித்துவிடுவார்கள். பெட்டிக்குள் ஆப்பிள் அழுகும், கேபினுக்குள் இவர் ரசம் வைத்துச் சாப்பிடுவார்.

பனியை விடுமுறை வியாபாரமாக்கிய கதையில் மெட்ராஸுக்கும் ஒரு பங்கு உண்டு. மாமா இதை நம்புவதில்லை. 1887-ல் ஹென்றி லன் என்ற மெத்தடிஸ்ட் மிஷனரி இந்தியாவுக்கு வந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் மெட்ராஸில் அவருக்கு ஒரு மகன் பிறந்தான், பெயர் ஆர்னால்ட். ஹென்றிக்கு உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. சீக்கிரமே கப்பலேறி ஊர் திரும்பினார். ஊழியத்தை விட்டவர் கடைசியில் பயண ஏஜெண்ட் ஆனார். சுவிட்சர்லாந்தில் கோடைக்கென்றே கட்டிய ஓட்டல்கள் குளிர்காலத்தில் சும்மா கிடந்தன. அவற்றில் ஆங்கிலேயர்களைக் கூட்டிவந்து நிரப்பினார். கும்பலாக டூர் போவதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்த பெரிய வீட்டுக்காரர்களுக்காக 1905-ல் பப்ளிக் ஸ்கூல்ஸ் ஆல்பைன் ஸ்போர்ட்ஸ் கிளப் என்று ஒரு பெயர்ப்பலகையும் மாட்டினார். டூர் என்றால் வராதவன் கிளப் என்றால் வருவான். ஆள் கெட்டிக்காரர்.

மகன் இன்னும் ஒரு படி மேலே போனார். 1922 ஜனவரியில் மூரன் என்ற மலையூரில் கொடிகளை நட்டு, அவற்றுக்கிடையே வளைந்து வளைந்து யார் விரைவாக இறங்குகிறார் என்று போட்டி வைத்தார் ஆர்னால்ட் லன். அதற்கு முன் அழகாகச் சறுக்கினால் மதிப்பெண். இவர் கடிகாரத்தை நடுவராக்கினார். இன்றைய ஸ்லாலம் போட்டியின் தொடக்கம் அதுதான். 1936-ல் ஜெர்மனியின் கார்மிஷ் குளிர்கால ஒலிம்பிக்கில் மலையிறக்க ஸ்கீ முதன்முறையாகச் சேர்ந்ததற்கு அவருடைய விடாப்பிடி முக்கியக் காரணம்.

லன் குடும்பம் ஸ்கீயைக் கண்டுபிடிக்கவில்லை. அது நார்வேக்காரர்களின் வேலைச் சாமான்: வயலுக்கும் காட்டுக்கும் பக்கத்து ஊருக்கும் போக ஒரு ஜோடிக் கட்டை. டெலிமார்க் பகுதியில் சோன்ட்ரே நோர்ஹைம் என்ற ஏழைக் குடியானவர் குதிகாலைச் சுற்றி முறுக்கிய சுள்ளியால் கட்டுப் போட்டார். அதுவரை விரல் நுனியில் மட்டும் மாட்டியிருந்த கட்டை, அதன் பிறகு கால் திரும்பிய பக்கமெல்லாம் திரும்பியது. தாவலாம், வளையலாம். விளையாட்டு அந்தச் சுள்ளிக் கட்டில் பிறந்தது என்பது என் கட்சி. நோர்ஹைம் பிழைப்புக்காக அமெரிக்கா போய் 1897-ல் வடக்கு டகோட்டாவில் செத்துப்போனார்.

குல்மார்க்குக்கு ஸ்கீ வந்தது பிரிட்டிஷ் அதிகாரிகளோடு. கோடையில் கோல்ஃப் ஆட அவர்கள் பிடித்து வைத்திருந்த புல்வெளி அது. குளிர்காலத்தில் ஆளரவமே இருக்காது. 1927-ல் ஸ்கீ கிளப் ஆஃப் இந்தியா தொடங்கியது. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் ராணுவ அதிகாரிகள் வந்து கூடினார்கள். இழுத்துப்போக எந்த இயந்திரமும் இல்லை. ஸ்கீயின் அடியில் கடல்நாய்த் தோலைக் கட்டிக்கொண்டு கிலன்மார்க் மேட்டுக்கு நடந்தே ஏற வேண்டும். அந்தத் தோலின் முடி ஒரே பக்கமாகப் படிந்திருக்கும். முன்னே தள்ளினால் வழுக்கும், பின்னே சரிந்தால் குத்திட்டு நின்று பிடிக்கும். மேலே போனதும் தோலை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு சில நிமிடங்களில் இறங்கிவிடுவார்கள். அதற்காகக் காலையெல்லாம் ஏறுவார்கள்.

நாடு விடுதலை அடைந்ததும் அந்தக் கூட்டம் கலைந்தது. 1948-ல் இந்திய ராணுவம் அங்கே ஒரு ஸ்கீ பள்ளி தொடங்கியது. பின்னாளில் அதுவே உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளி ஆனது. விளையாட்டுச் சாமான் மறுபடி வேலைச் சாமான் ஆனது. பொதுமக்களுக்குக் கற்றுத்தர மத்திய சுற்றுலாத் துறையின் பயிற்சி நிறுவனம் அறுபதுகளின் கடைசியில்தான் வந்தது. கோண்டோலா எனும் கம்பிவடப் பெட்டி வேலையை எண்பதுகளின் இறுதியில் ஒரு பிரெஞ்சுக் கம்பெனி ஆரம்பித்தது. துப்பாக்கிச் சத்தம் கூடியதும் வேலை நின்றது. கொங்டோரி வரையிலான முதல் கட்டம் 1998-ல் ஓடியது. அபர்வாட் மலைச்சரிவுக்குப் போகும் இரண்டாம் கட்டம் 2005-ல். கடல்நாய்த் தோலின் வேலையை இப்போது இந்தப் பெட்டி செய்துவிடுகிறது.

சைக்கிளுக்கு வருகிறேன். இது எங்கள் ஊர்க் கதையும் கூட. அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் 1949-ல் தொடங்கியது, சோனிபத்தில் அட்லஸ் 1951-ல், லூதியானாவில் ஹீரோ 1956-ல். ஜலகண்டாபுரத்தில் தறிக்காரர் வீட்டுச் சைக்கிள் என்றால் கேரியரில் நூல் கட்டு இருக்கும், இல்லாவிட்டால் நெய்து முடித்த சேலைக் கட்டு. அந்நாளில் பஞ்சாயத்துக்கு வரி கட்டி வாங்கிய வில்லையை மாட்டாமல் ஓட்டினால் பிடிப்பார்கள். எங்களுக்கு வாய்த்தது மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் ‘அவர் சைக்கிள்’தான். மட்கார்டில் கடைப் பெயரும் நம்பரும் எழுதியிருக்கும். கடைக்காரர் எடுத்த நேரத்தை நோட்டில் குறிப்பார். பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்கு பெடல் போட்டபடி ஏரிக்கரைச் சரிவில் பிரேக் பிடிக்காமல் இறங்குவோம். அதற்கு ‘மவுண்டன் பைக்கிங்’ என்று ஒரு பெயர் வைக்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

தோன்றியது கலிஃபோர்னியாவில் சில இளைஞர்களுக்கு. சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் பகுதியில், வீடு வீடாகப் பேப்பர் போடும் பையன்களுக்காகச் செய்த பழைய ஷ்வின் சைக்கிள்களை அவர்கள் தேடி வாங்கினார்கள். கனமான சட்டம், தடித்த டயர். மலையில் தீத்தடுப்புக்காக வெட்டிய மண்சாலையில் சார்லி கெல்லி 1976 அக்டோபர் 21 அன்று முதல் பந்தயத்தை நடத்தினார். சுமார் மூன்று கிலோமீட்டரில் நானூறு மீட்டர் இறக்கம். பெடலைப் பின்னால் மிதித்தால் பின்சக்கரக் குடத்துக்குள் பிடிக்கும் பிரேக்தான் அந்தச் சைக்கிள்களில். கீழே வருவதற்குள் குடம் கொதித்து, உள்ளிருக்கும் கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் குடத்தைப் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் பந்தயத்துக்கே ‘ரீபேக்’ என்று பெயர் விழுந்தது. அடுத்த ஆண்டு ஜோ பிரீஸ் மலைக்கென்றே புதுச் சட்டம் செய்தார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை சைக்கிள் ஓட்டமும் ஒரு பந்தயம்.

இந்தக் கதையை மாமாவிடம் சொன்னபோது, “இது தொப்பூர் சமாச்சாரம்தானே” என்றார். தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும் தொப்பூர் கணவாயில் லோடு லாரி பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் காய்ந்து, லைனிங் தீய்ந்து, கடைசியில் மிதித்தாலும் பிடிக்காது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டவர்களின் கதி தொப்பூரில் எல்லோருக்கும் தெரியும். கீழ்க் கியரில் இஞ்சினே வண்டியைப் பிடிக்க வேண்டும் என்பது மாமாவின் பாடம்.

போகும் வழியில் சோனிபத் பக்கமாகவும் லூதியானா ஊடாகவும்தான் சாலை போகிறது. எங்கள் ஊருக்குச் சைக்கிள் வந்த வழியில் சைக்கிளோடு திரும்பிப் போனோம். 1956-ல் திறந்த பனிஹால் ஜவாஹர் சுரங்கத்தைப் பற்றி மாமா நிறையச் சொல்லியிருந்தார். இப்போது கார்களுக்கு 2021-ல் திறந்த புதுச் சுரங்கம். ஸ்ரீநகரைத் தாண்டி நார்பல் என்ற இடத்தில் பாதை பிரிகிறது. நேரே போனால் சோப்பூர் மண்டி, இடது பக்கம் குல்மார்க். மாமா அத்தனை வருஷமும் நேரே போனவர். இடது பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டதில்லை, கேட்க அவருக்கு நேரமும் இல்லை.

டங்மார்க்கில் டயருக்குச் சங்கிலி மாட்டினார்கள். குல்மார்க்கில் வாடகை பூட்ஸுக்குள் கால் போனதும் கணுக்கால் என்னுடையதாக இல்லை. சொல்லிக்கொடுத்த டங்மார்க் இளைஞர், “முழங்காலை மடக்கு, மலையைப் பார்க்காதே” என்று இந்தியில் கத்திக்கொண்டே பின்னோக்கிச் சறுக்கி வந்தார். விழுந்தது அதிகம். சைக்கிளை குல்மார்க் பனியில் விட முடியவில்லை. மறுநாள் தார் காய்ந்த நேரம் பார்த்து டங்மார்க்குக்கு இறங்கினோம். பதின்மூன்று கிலோமீட்டர், இருபுறமும் ஒதுக்கித் தள்ளிய பனிச்சுவர், அதற்குப் பின்னால் தேவதாரு. பாதி வழியில் டிஸ்க் பிரேக்கிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. நிறுத்தி ஆறவிட்டோம்.

ஆர்னால்ட் லன் பதிப்பித்த ‘பிரிட்டிஷ் ஸ்கீ இயர் புக்’ ஆண்டுதோறும் அச்சாகி வந்ததால் அந்தக் காலத்தில் யார் எங்கே சறுக்கினார்கள் என்று இன்றும் படித்துப் பார்க்கலாம். எங்கள் காஷ்மீர் சாலையில் ஏறி இறங்கிய சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு வண்டிக்காரர்களுக்கு அப்படி ஒரு புத்தகம் இல்லை. விளையாடப் போனவனின் வரலாறு இருக்கிறது. வேலைக்குப் போனவனின் வரலாறு மூட்டை கட்டிப் பரணில் கிடக்கிறது. எனவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பழைய டிரிப் ஷீட், லோடு ரசீது, அவர் சைக்கிள் கடை நோட்டு, வரி வில்லை ஏதாவது இருந்தால் காயலான் கடையில் போடாதீர்கள். சேலம் அரசு அருங்காட்சியகத்தில் காட்டிப் பாருங்கள். முடியாவிட்டால் ஊரையும் ஆண்டையும் எழுதி ஒரு படமாவது எடுத்து வையுங்கள்.