ஏ-9 மூடின பிறகு: போர், கேன்சர், கொஞ்சம் மூச்சுப் பயிற்சி

போன எபிசோடுல கல்வராயன் மலையில மலையாளி மக்களோட மூலிகை வைத்தியம் பத்திப் பேசினோம். கேட்டுட்டு நிறைய பேர் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தீங்க: யோகா, தியானம், எண்ணெய்த் தேய்ப்பு எல்லாம் கேன்சர் நோயாளிக்கு உதவுமா?

இதுக்குப் பதில் தேடினா யாழ்ப்பாணத்துல போய் நிக்கணும். தூரம்னு நினைக்காதீங்க, நம்ம சின்னசேலத்துலயே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கு.

2006 ஆகஸ்ட் 11. முகமாலையில சண்டை வெடிச்சு ஏ-9 சாலை மூடப்பட்டது. போர் முடியுற வரைக்கும் மக்களுக்கு அது திறக்கவே இல்ல. இலங்கையோட பெரிய புற்றுநோய் மருத்துவமனை கொழும்புக்குப் பக்கத்துல, மகரகமையில. யாழ்ப்பாணத்துல இருந்து கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். சாலை போனா மிச்சம் விமானமும் கப்பலும்தான், அதுக்கும் ராணுவ அனுமதி வேணும். எங்க வேலையில ஒரு ஜாப் ஃபெயில் ஆனா திரும்ப ஓட்டிக்கலாம். 21 நாளுக்கு ஒருமுறை போட வேண்டிய கீமோவை அப்படித் தள்ள முடியாது. நோய் ஒரு பயம், ஷெல் ஒரு பயம், அனுமதி கிடைக்குமாங்கிறது மூணாவது.

அங்கயே இருந்து வேலை பார்த்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம். போர் மக்களோட மனசுக்கு என்ன செஞ்சதுன்னு 1998-ல 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்'னு புத்தகமே எழுதினார். அவர் கையில எடுத்தது ஊர்ல ஏற்கனவே இருந்த வழிகள்: மூச்சுப் பயிற்சி, சாந்தி ஆசனம், ஜபம். இந்துவுக்கு மந்திரம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிமுக்கு திக்ர். நோயாளியோட நம்பிக்கையில இருந்தே தொடங்கினதுதான் எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம். அவர் இதைக் கேன்சருக்குன்னு செய்யல, பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும்தான் செஞ்சார்.

உலகம் மெதுவா அங்க வந்து சேர்ந்திருக்கு. 2023-ல அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல், கேன்சர் நோயாளிகளோட பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் மனக்கவனப் பயிற்சியைப் பரிந்துரைக்குது. சிகிச்சையோட சேர்த்து, சிகிச்சைக்குப் பதிலா இல்ல. மூச்சுப் பயிற்சி கட்டியைக் கரைக்காது. கரைக்கும்னு சொல்லி யாராவது பாக்கெட் வித்தா, நோயாளியைக் கூட்டிக்கிட்டு முதல்ல மருத்துவமனைக்குப் போங்க.

சாலைக் கதைக்கு வர்றேன். 2011-ல தெற்கு முனை தேவேந்திரமுனையில இருந்து பருத்தித்துறை வரைக்கும் 27 நாள், 670 கிலோமீட்டர் ஒரு கூட்டம் நடந்துச்சு, பேரு 'டிரெயில்'. திரட்டின பணத்துல 2013-ல தெல்லிப்பழையில புற்றுநோய் மருத்துவமனை திறந்தாங்க. யாழ்ப்பாணத்து நோயாளி இப்ப பஸ் ஏறியே அங்க போயிடலாம்.