முதிய விரல்களுக்கு ஓர் எழுத்து

பிரெயில் என்ற பெயரைக் கேட்டிராத மாணவர்கள் மிகச் சிலரே இருப்பார்கள். ஆறு புள்ளிகளைக் கொண்டு பார்வையற்றோருக்கு எழுத்து வகுத்துத் தந்த பிரெஞ்சு இளைஞர் அவர். ஆனால் வில்லியம் மூன் என்ற பெயரை நீங்கள் கேட்டதுண்டா? பிரெயில் எழுத்து யாருக்குக் கைகொடுக்கவில்லையோ, அவர்களுக்குப் பயன்பட்ட எழுத்தை அமைத்தவர் அவர். யார் அவர்கள் என்று கேட்பீர்கள். முதுமையில் பார்வை இழந்தவர்கள்.

பார்வையற்றோர் என்றவுடன் பள்ளிச் சிறுவர்களே நம் மனக்கண்முன் வருகிறார்கள். உண்மை வேறு. உலகில் பார்வைக் குறைபாடு உடையவர்களில் பெரும்பாலோர் 50 வயதைக் கடந்தவர்கள். கண்புரை, கண் அழுத்த நோய், விழித்திரைத் தேய்வு ஆகியவை பெரும்பாலும் வயதோடு சேர்ந்தே வருகின்றன. ஆயினும் வரலாற்றில் முதலில் கவனிக்கப்பட்டவர்கள் இளைஞர்கள்தாம். 1785-ல் பாரிசில் வாலந்தேன் அயூய் தொடங்கிய பள்ளியும், 1791-ல் லிவர்பூல் நகரில் தோன்றிய பள்ளியும் கைத்தொழில் கற்கும் வயதில் இருந்தவர்களையே நாடின. அறுபது வயதில் பார்வை போன ஒருவரை எந்தப் பள்ளி சேர்த்துக்கொள்ளும்? குடும்பத்தில் வசதி இருந்தால் வீட்டில் ஒரு மூலை கிடைக்கும். இல்லாவிட்டால் ஏழையர் விடுதிதான்.

அந்த மூலையைத் தேடிச் செல்ல வேண்டும் என்ற எண்ணம் இலண்டனில் 1834-ல் உருப்பெற்றது. ஏழைப் பார்வையற்றோரை அவர்கள் இல்லங்களிலேயே சென்று காண்பதற்கு ஒரு சங்கம் அமைந்தது. அதைச் சேர்ந்தவர்கள் வீடு வீடாகச் சென்று புத்தகம் வாசித்துக் காட்டினார்கள். நல்ல தொண்டுதான். ஆனால் வாசிப்பவர் எழுந்து போனதும் புத்தகமும் மௌனமாகிவிடும் அல்லவா?

இங்குதான் மூன் வருகிறார். அவர் 1818-ல் இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்தில் பிறந்தார். நான்கு வயதில் கண்ட செங்காய்ச்சலால் ஒரு கண் போயிற்று. மற்றக் கண்ணும் மெல்ல மங்கி, 21 வயதளவில் முழு இருள் சூழ்ந்தது. அக்காலத்தில் வழக்கிலிருந்த மேடெழுத்து முறைகளைக் கற்றுக்கொண்டு, கடற்கரை நகரான பிரைட்டனில் பார்வையற்றோருக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார். அந்த முறைகளோ சிக்கலானவை. ஐந்து ஆண்டுகள் முயன்றும் அவற்றில் தேறாத ஒரு சிறுவன், மூன் 1845-ல் வகுத்த புதிய எழுத்தில் பத்தே நாட்களில் எளிய வாக்கியங்களைப் படித்துவிட்டானாம்.

அப்படி என்ன புதுமை? மூன் புதிதாகக் கண்டுபிடித்ததைவிட, பழையதில் வேண்டாதவற்றைக் கழித்ததே மிகுதி. ஆங்கிலப் பெரிய எழுத்துகளை எடுத்துக்கொண்டு, விரலைக் குழப்பும் கோடுகளை நீக்கினார். ‘ஏ’ என்னும் எழுத்தின் குறுக்குக் கோட்டை எடுத்துவிட்டால் கூரை போன்ற இரண்டு சாய்கோடுகள் மிஞ்சும். அதுவே மூன் முறையில் ‘ஏ’. அக்கூரையைத் தலைகீழாக்கினால் ‘வி’. அதில் மாற்றம் ஏதும் இல்லை. இப்படிச் சில எழுத்துகள் பழையபடியே நின்றன, பல எழுத்துகள் குறைந்தன, மிகச் சிலவே புதியவை. வாழ்நாள் முழுவதும் கண்ணால் படித்த ஒருவருக்கு இவ்வெழுத்துகள் பழைய நண்பர்கள். அவர் கற்க வேண்டியது கொஞ்சம், நினைவுகூர வேண்டியதே அதிகம்.

இதில் உடலியல் காரணம் ஒன்றும் உண்டு. நீங்களே ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். பல்குத்தும் குச்சிகள் இரண்டை, முனைகளுக்கிடையே இரண்டரை மில்லிமீட்டர் இருக்குமாறு பிடித்து, கண்களை மூடியிருக்கும் தம்பியின் சுட்டுவிரல் நுனியில் மெல்லத் தொடுங்கள். இரண்டு முனைகள் என்று அவன் சொல்லக்கூடும். அதையே தாத்தாவின் விரலில் செய்தால், ஒரே முனைதான் என்று அவர் சாதிக்க இடமுண்டு. வயது ஏற ஏற, விரல்நுனித் தோலில் தொடுவுணர்வை வாங்கும் நுண்ணுறுப்புகளின் எண்ணிக்கை குறைகிறது. உழைத்துக் காய்த்த கையானால் இன்னும் கடினம். நீரிழிவு நோயோ சிலருக்குக் கண்ணோடு நரம்புகளையும் சேர்த்துக் கெடுக்கிறது. பிரெயில் புள்ளிகளுக்கிடையே உள்ள தொலைவு ஏறத்தாழ அந்த இரண்டரை மில்லிமீட்டர்தான்! மூன் எழுத்தின் கோடுகள் பெரியவை, தடித்தவை. முதிய விரலுக்கும் தட்டுப்படுபவை.

வரி மாறும் இடத்திலும் அவர் ஓர் உபாயம் செய்தார். ஒரு வரியைத் தடவி முடித்த விரல், அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடி இடப்பக்கம் திரும்பும்போது வழி தவறிவிடும். ஆகவே முதல் வரியை இடமிருந்து வலமாகவும், அடுத்ததை வலமிருந்து இடமாகவும் அச்சிட்டார். வரியின் ஓரத்தில் ஒரு வளைகோடு விரலைப் பிடித்து அடுத்த வரியில் கொண்டுபோய் விடும். ஏர் மாடு ஒரு சால் ஓட்டி முடித்து அப்படியே திரும்புவதில்லையா, அதைப் போல! பிற்காலத்தில் இம்முறை கைவிடப்பட்டது. எனக்கென்னவோ அது வருந்தத்தக்கதாகவே தோன்றுகிறது.

எழுத்து தயார். அதைக் கற்பிப்பது எப்படி? முதியவர் பள்ளிக்கு வரமாட்டார். ஆகவே பள்ளி அவரிடம் சென்றது. 1855-ல் இலண்டனில் இல்லக் கல்விச் சங்கம் நிறுவப்பட்டது. அதன் ஆசிரியர்கள் வீடுகளுக்குச் சென்று எழுத்தைக் கற்பித்து, மூன் புத்தகங்களை இரவல் கொடுத்து, அடுத்த முறை மாற்றிக் கொடுத்தார்கள். அவ்வாசிரியர்களில் பார்வையற்றவர்களும் இருந்தனர். ‘இனி என்னால் என்ன ஆகும்’ என்று உட்கார்ந்திருந்த ஒருவரின் வாசற்படியில், அதே நிலையில் உள்ள ஒருவர் புத்தகக் கட்டோடு வந்து நின்றால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

1882-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் இத்தகைய சங்கம் ஒன்று தோன்றியது. 1900-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் இப்பணிக்கு அரசுப் பணத்தையே ஒதுக்கியது.

இதற்கிடையே எழுத்துகளுக்குள் ஒரு போட்டி மூண்டது. பார்வை இழந்துவந்த மருத்துவர் தாமஸ் ஆர்மிட்டேஜ் 1868-ல் ஒரு சங்கம் அமைத்து, எந்த எழுத்து சிறந்தது என்று ஆராயச் செய்தார். பார்வையற்றவர்களே நடுவர்கள், குறைந்தது மூன்று முறைகளாவது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், எதிலும் பண ஆதாயம் இருக்கக்கூடாது. இதைவிட நேர்மையான நிபந்தனை வேண்டுமா? பிரெயில் வென்றது. வெல்ல வேண்டியதுதான். பிரெயிலில் படிப்பவரே எழுதலாம், இசைக் குறிப்பும் எழுதலாம், இடமும் குறைவு. மூன் புத்தகங்களோ பருமன் மிக்கவை. கையால் எழுதவும் ஏற்றவையல்ல. எனினும் மூன் எழுத்து மறைந்துவிடவில்லை. 1894-ல் அவர் மறைந்த பிறகும் முதியோருக்கென்று அது நெடுங்காலம் அச்சாகிவந்தது. பிரெயில் பிடிபடாதவருக்கு மூன் என்பது இல்ல ஆசிரியர்களின் வழக்கமாயிற்று.

தருமத்தை நம்பியிருந்த இப்பணி சட்டமானதற்கு ஒரு நடைப்பயணம் துணைநின்றது. 1920 ஏப்ரலில் சுமார் 250 பார்வையற்ற தொழிலாளர்கள், தருமம் வேண்டாம் நீதி வேண்டும் என்ற முழக்கத்தோடு மூன்று முனைகளிலிருந்து இலண்டனுக்கு நடந்தார்கள். அவ்வாண்டே பார்வையற்றோர் சட்டம் நிறைவேறியது. 70 வயதில் கிடைத்த ஓய்வூதியம் அவர்களுக்கு 50 வயதிலேயே கிடைத்தது. அவர்கள் நலனைக் கவனிப்பது உள்ளாட்சி மன்றங்களின் கடமையாயிற்று. இல்ல ஆசிரியர் வேலையும் விரிந்தது. பின்னல் வேலை, ஓய்வூதிய விண்ணப்பம், வானொலிப் பெட்டி எல்லாம் அவர் பொறுப்பில் வந்தன.

1935-ல் பிரிட்டனில் பேசும் புத்தகம் வந்தது. நிமிடத்திற்கு 24 முறை சுழலும் இசைத்தட்டின் ஒரு பக்கம் 25 நிமிடம் பேசிற்று. விரலே உணர்விழந்தவருக்கும் இனிப் புத்தகம் உண்டு. 1970-ல் வந்த புதிய சட்டம் எல்லாச் சமூகப் பணிகளையும் ஒரே துறையில் சேர்த்தபோது, இல்ல ஆசிரியர் என்ற தனிப்பதவி கரைந்துபோயிற்று. எல்லாம் தெரிந்த பணியாளருக்கு விரலைப் பற்றித் தெரியவில்லை! பின்னர் மறுவாழ்வுப் பணியாளர் என்ற புதுப் பெயரில் அதே வேலை மீண்டும் வந்தது.

இன்று அவர் வீட்டுக்கு வந்தால் முதலில் சமையலறைக்குத்தான் போவார். அடுப்புத் திருகு எந்த இடத்தில் நிற்கும்போது அணைகிறது என்று பார்த்து, அங்கே பசைப்பொருளால் ஒரு மேடான குறி இடுவார். காய்ந்ததும் வீட்டுக்குரியவரின் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்து, தட்டுப்படுகிறதா என்று கேட்பார். இல்லையென்றால் குறியை இன்னும் தடிமனாக்குவார்.