ஓடாத நீரும் ஓடைச் சட்டமும்: யாழ்ப்பாணக் குடாநாட்டின் குளங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு என்று பெயர் பெற்றவை உண்மையில் ஆறுகள் அல்ல. தொண்டைமானாறும் உப்பாறும் கடலோடு தொடர்புடைய நீரேரிகள். மழைநீரைச் சுமந்து நிலத்தின்மேல் ஓடுவது என்ற இலக்கணத்துக்கு ஓரளவேனும் பொருந்துவது வழுக்கையாறு ஒன்றே. அதுவும் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழை கைகொடுக்கும் ஆண்டுகளில் மட்டும் ஓடி, பின்னர் வயல் நடுவே வறண்ட தடமாகக் கிடப்பது. தெல்லிப்பழை, அளவெட்டிப் பகுதிகளில் நிரம்பி வழியும் நீர் கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி வயல்களினூடாகத் தெற்கே இறங்கி, அராலிக்கு அருகே யாழ்ப்பாணக் கடனீரேரியைச் சேர்கிறது. பழமையான குடியிருப்பு ஒன்றின் எச்சங்களை போல் ஈ. பீரிஸ் 1917 அளவில் அகழ்ந்தெடுத்த கந்தரோடையின் பெயரிலேயே ஓர் ஓடை அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது.

ஆறில்லாமைக்குக் காரணம் மழைக்குறைவு அன்று. ஆண்டுக்கு ஏறத்தாழ 1250 மில்லிமீற்றர் மழை பெறும் இந்நிலத்தின் அடியில் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல் படிந்திருக்கிறது; நீரில் மெல்லமெல்லக் கரைந்து வெடிப்புகளும் குகைகளும் கொள்ளும் இயல்புடைய அக்கல், விழுந்த நீரைப் பக்கவாட்டில் ஓடவிடாமல் கீழே இழுத்துக்கொள்கிறது. இழுத்த நீர் உவர்நீரின்மேல் ஒரு நன்னீர் வில்லையாக மிதந்து நின்று கிணறுகளில் ஊறுகிறது. மிகுந்தது கீரிமலை போன்ற இடங்களில் கடலோரத்து ஊற்றாக வெளிப்படுகிறது. ஆகவே குடாநாட்டுக் குளம் என்பது பெரும்பாலும் நீரைத் தேக்கும் தொட்டியாக மட்டுமன்றி, நீரை நிலத்துக்குள் இறக்கும் வாயிலாகவும் இயங்குவது. ஓடுகின்ற ஆற்றையும் வயலுக்குப் பாய்கின்ற குளத்தையும் மனத்திற்கொண்டு எழுதப்பட்ட சட்டங்களில் இந்த வாயிலுக்கு ஒரு வகுப்பு இல்லாமற்போனதே, அதன் அண்மைக்கால வரலாற்றைப் புரிந்துகொள்ளத் துணைநிற்கும் முதன்மைச் செய்தியாகும்.

சட்டத்துக்கு முன்னிருந்த வகுப்புமுறை பெயர்களில் இருந்தது. தோண்டிக் கல்லாற் படிகட்டிய நீர்நிலை கேணி. ஆழமற்ற நீர்க்குழி துரவு. பரந்த தாழ்நிலத்தில் மழைநீர் தேங்குவது குளம். மழைக்காலத்தில் நீர் நின்று கோடையில் மேய்ச்சலாகும் கரையோரப் புல்வெளி தரவை. இணுவில், கோண்டாவில், கொக்குவில், உடுவில் ஆகிய ஊர்ப்பெயர்களின் ஈற்றிலுள்ள ‘வில்’ நீர்நிலையைக் குறிப்பதென்று கொள்வோர் உளர்; அக்கருத்துச் சரியாயின், அவ்வூர்கள் அடங்கிய வலிகாமத்தின் பெரும்பகுதி தன் நீர்நிலைகளாலேயே பெயரிடப்பட்டதாகும். குளக்கரையில் ஆவுரோஞ்சிக்கல், அதாவது மாடுகள் உடலை உரோஞ்சிக்கொள்வதற்கென நட்ட கல், நின்றால் அக்குளம் கால்நடைக்கு உரியது என்று அயலூரார்க்கும் தெரியும். கோயிலை ஒட்டிய கேணி தீர்த்தத்துக்கும், வயலை ஒட்டிய குளம் பாய்ச்சலுக்கும் உரியனவாக இருந்தன. கோடையில் குளத்தின் அடியிலிருந்து அள்ளிய வண்டல் தோட்டத்துக்குப் பசளையாயிற்று. குளத்தில் நீர் நின்றால் அயற்கிணறு இனிக்கும், குளம் தூர்ந்தால் கிணறு உவராகும் என்பதைத் தோட்டக்காரர் நீரியல் நூல்கள் இல்லாமலே அறிந்திருந்தனர்.

இம்முறையைப் பொற்காலமாக எண்ணுவதற்கில்லை. நகரத்து வண்ணான்குளம் என்ற பெயர் ஒரு தொழிலை மட்டும் சுட்டவில்லை, ஒரு சாதிக்கு வகுத்த எல்லையையும் சுட்டுகிறது. குடிநீர்க் கிணற்றின் கட்டை அணுக முடியாமல், யாராவது அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்து நின்ற மக்களும் இதே குடாநாட்டினரே. சாதியின் பேரால் ஒருவரைப் பொதுநீரிலிருந்து விலக்குவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டமே. அச்சட்டம் வந்தபின்னும் வழக்கம் உடனே மாறிவிடவில்லை. நீரைப் பாதுகாத்த பழைய வகுப்புமுறை, மனிதரையும் வகுத்தே பாதுகாத்தது.

ஒல்லாந்தர் ஆட்சியில் ஆளுநர் சைமன்ஸின் பணிப்பின்பேரில் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து 1707இல் நடைமுறைக்கு வந்ததும், பிரித்தானியரால் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் ஏற்கப்பட்டதுமான தேசவழமை, முதுசம் எனும் பரம்பரைச் சொத்து, சீதனம், ஒற்றி எனும் அடைமானம், பங்காளிகளின் முற்கொள்வனவு உரிமை முதலியவற்றை வகுத்த சட்டத்தொகுப்பு. அதன் அடிப்படை அலகு குடும்பமும் அதன் நிலப்பங்கும் ஆகும். நிலம் தலைமுறைதோறும் பரப்புகளாகப் பிரிந்தது (16 பரப்பு ஓர் ஏக்கர்). ஆயினும் கிணற்றைப் பிரிக்க முடியாது என்பதால், யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் காணியின் எல்லைகளுக்குப் பின்னே கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் என்ற தொடர் இன்றுவரை தவறாமல் இடம்பெறுகிறது. நீருரிமையை எழுத்தில் வைத்த மிகப் பழைய ஏற்பாடுகளுள் இதனையும் சேர்க்கலாம். ஆனால் உறுதி பேசுவது பங்காளிகளின் உரிமையை. எவர் பங்கிலும் அடங்காத குளத்தைப் பற்றி உறுதி எழுதுவாரில்லை.

இவ்விடத்தில் கடலுக்கு அப்பாலுள்ள தமிழ்நாட்டோடு ஓர் ஒப்பீடு பொருந்தும். அங்கு இரயத்துவாரி நிலவரித் திட்டத்தின் கீழ் ஊர்தோறும் நிலத்தை அளந்தவர்கள், தனியாருக்கு உரியதல்லாத நிலத்தை ஏரிப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு என்று புல எண்ணோடு பதிந்துவைத்தனர். ஆக்கிரமிப்பு அங்கும் நிகழ்ந்தது, அதன் பொருட்டே 2007இல் ஏரிகளைப் பாதுகாக்கத் தனிச்சட்டம் வேண்டியிருந்தது. எனினும் ஒரு குளம் எங்கிருந்தது, எவ்வளவு இருந்தது என்பதை நிறுவ ஓர் அரச ஏடாவது உண்டு. யாழ்ப்பாணத்திலோ போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத் தோம்புகள் எனப்படும் நிலப்பதிவேடுகள் வரிக்காக எழுதப்பட்டவை. அவற்றின் பின் வந்த முறை உறுதிப் பதிவை நம்பியதேயன்றி, ஒவ்வொரு துண்டு நிலத்தையும் வரைபடத்தில் இட்டதன்று.

பிரித்தானியர் இலங்கையில் நீர்பற்றி இயற்றிய முதற் பெருஞ்சட்டமான 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச்சட்டம், நெற்செய்கைக்கான பழைய வழக்கங்களை மீட்பதை நோக்கமாகக் கொண்டது. வன்னியின் பெருங்குளங்களுக்கும் சிங்கள ஊர்களின் குளங்களுக்கும் பொருந்திய அந்நோக்கம், துலா எனும் ஏற்றத்தை மிதித்துக் கிணற்றிலிருந்து தோட்டத்துக்கு இறைத்த வலிகாமத்துக்கு அரைகுறையாகவே பொருந்தியது. 1947ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச்சட்டம், இன்றைய பெயரில் அரச காணிகள் கட்டளைச்சட்டம், நீர்நிலைகளைப் பொது ஓடை, தனியார் ஓடை, பொது ஏரி, தனியார் ஏரி என வகுத்து, அரச காணியில் நீரோடையின் தோற்றுவாயையும் கரைகளையும் ஒதுக்குநிலமாக, அதாவது கட்டடமோ பயிரோ வைக்காமல் விட்டுவைக்கவேண்டிய நிலமாக, அறிவிக்க இடமளித்தது. குடாநாட்டில் பெரும்பாலான காணி தனியாருக்கு உரியதாதலால் இவ்வேற்பாட்டின் கை இங்கு எட்டிய தூரம் சிறிதே.

சுதந்திரத்துக்குப் பின் வகுப்புகள் பெருகின. 80 ஹெக்டேயருக்குக் குறைந்த வயலுக்குப் பாயும் குளம் சிறுகுளம் எனப்பட்டுக் கமநல சேவைகள் திணைக்களத்திடம் சேர்ந்தது; அதற்கு மேற்பட்டது நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குரியது. 1949இல் மாநகர சபையாக உயர்ந்த யாழ்ப்பாண நகரத்தில் குளமும் வெள்ளவாய்க்காலும் மாநகர சபைகள் கட்டளைச்சட்டத்தின் கீழ் வடிகாலும் சுகாதாரமும் என்ற தலைப்பில் அடங்கின. நகருக்கு வெளியே 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான பிரதேச சபைகள் அப்பொறுப்பை ஏற்றன. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நகர அபிவிருத்தி அதிகாரசபை 1986இல் திட்டமிடல், கட்டட ஒழுங்குவிதிகளை வெளியிட்டு, 2021இல் அவற்றுக்குப் பதிலாகப் புதியவற்றைக் கொணர்ந்தது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அனுமதியின்றி நெற்காணியை நிரப்புவதைத் தடைசெய்தது. கோயிலுக்குரிய கேணி அறங்காவலரிடமும், நல்லூர் இராசதானியின் எச்சமாகிய ‘ப’ வடிவ யமுனா ஏரி தொல்பொருளியலாரின் பார்வையிலும் நின்றன.

இப்பட்டியலை நோக்குவார்க்கு, ஒரே மழைத்துளி அளவெட்டியில் விழுந்து அராலியைச் சேர்வதற்குள் எத்தனை அலுவலகங்களைக் கடக்கவேண்டும் என்ற நகைப்பு எழுதல் இயல்பு. எனினும் குறைபாடு அலுவலகங்களின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. பாய்ச்சும் வயலின் பரப்பால் குளத்தையும், நீர் செல்லும் தடத்தின் அகலத்தால் ஓடையையும் அளக்கும் விதிகளின் முன், வயலும் அற்று ஓட்டமும் அற்று நிற்கும் நகரக்குளம் அளவையில்லாத பொருளாகிறது. வயலுக்குப் பாயாத குளம் பயனற்ற பள்ளம் என்று எண்ணப்பட்டபோது அதில் குப்பை விழுந்தது, பின் மண் விழுந்தது, பின் கட்டடம் எழுந்தது. அகலத்தாலன்றி வேறு வகையில் ஓடையை அளப்போரும் உளர்: அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஓடைகளை மீன் வாழ்வன, மீன் வாழாவிடினும் ஆண்டு முழுதும் ஓடுவன, பருவத்தில் மட்டும் ஓடுவன என்று வகுக்கும் முறையுண்டு. அங்குள்ள நகரசபைகள் தம் விதிகளைப் புதுப்பிக்கும்போது கரையோர இடைவெளியை இத்தகைய வகுப்புகளோடு இணைக்கின்றன. ஆண்டின் பெரும்பகுதி வறண்டிருக்கும் வழுக்கையாறு அவ்வட்டவணையில் கடைசி வரிசையிலாவது இடம்பெற்றிருக்கும். சால்மன் மீனுக்காக அமைந்த அளவுகோலைக் குடாநாடு இரவல் வாங்க வேண்டியதில்லை. இங்கு அளக்கவேண்டியது குளம் நிலத்துக்குள் இறக்கும் நீர்.

அந்த அளவீட்டின் அவசியம் 1950களுக்குப் பின் துலாவின் இடத்தை நீரிறைக்கும் இயந்திரம் பிடித்தபோது கூர்மையாயிற்று. இறைப்பு விரைந்தது, ஊறல் விரையவில்லை. பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1954இல் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்ற திட்டம், ஆனையிறவு, வடமராட்சிக் கடனீரேரிகளை நன்னீராக்கித் தொண்டைமானாறு வரை கொண்டுசெல்ல எண்ணியது. குடாநாட்டின் நீர்ச்சிந்தனையை அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆட்கொண்ட அத்திட்டத்தின் அருகில், ஆயிரத்துக்கு மேற்பட்டனவாக எண்ணப்படும் சிறுகுளங்கள் கவர்ச்சியற்றவையாகத் தோன்றியதில் வியப்பில்லை. 2008 நவம்பரில் நிஷா புயலின் மழை குடாநாட்டை வெள்ளத்தில் ஆழ்த்தியபோது, தாழ்ந்த இடங்களைத் தேடிச் சென்ற நீர் வீடுகளைக் கண்டது. பின்னர் 2021இல் நகரின் நடுவேயுள்ள ஆரியகுளம் மாநகர சபையின் முயற்சியாலும் நன்கொடையாலும் தூய்மைசெய்யப்பட்டு நடைபாதையும் விளக்கும் பெற்றது. அவ்வளவில் நகரக்குளத்துக்குப் பொழுதுபோக்கிடம் என்ற புதிய வகுப்பு ஒன்று கிடைத்தது. அது பாதுகாப்புத்தான் என்றாலும், கரை முழுவதையும் கல்லாற் கட்டும் அழகுபடுத்தல் குளத்துக்கு வந்துசேரும் வெள்ளவாய்க்கால்களையும் சேர்த்தே பாதுகாக்கும் என்று சொல்வதற்கில்லை.

ஏனெனில் அவ்வாய்க்கால்களிற் பல எந்த விதியின் அட்டவணையிலும் வாய்க்காலாக இல்லை. ஆண்டின் ஒன்பது மாதம் மிதிவண்டி செல்லும் ஒழுங்கைகளாக இருக்கும் அவை, கார்த்திகை மழையில் மட்டும் தம் பழைய தொழிலுக்குத் திரும்பி, இருபுறத்து மதில்களுக்கு நடுவே முழங்காலளவு நீரைச் சுமந்து, மதகு இருந்த இடத்தைத் தேடிச் செல்கின்றன.