வைப்பர் தீவிலிருந்து மேகக் கணிமைக்கு: அந்தமானில் வழக்குக் கட்டின் பயணம்

1872 பிப்ரவரி 8ஆம் நாள் மாலை, வைசிராய் மேயோ பிரபு போர்ட் பிளேரை அடுத்த ஹோப் டவுன் படகுத்துறையில் ஷேர் அலி என்னும் கைதியால் குத்திக் கொல்லப்பட்டார். விசாரணை தீவிலேயே நடந்து மரண தண்டனையும் விதிக்கப்பட்டது. ஆயினும் அது உடனே நிறைவேற்றப்படவில்லை. வழக்குத் தாள்கள் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குச் சென்றன; பிப்ரவரி 20இல் அங்கே தண்டனை உறுதியான பின்னரே, மார்ச் 11இல் வைப்பர் தீவில் ஷேர் அலி தூக்கிலிடப்பட்டார். கொல்லப்பட்டவர் வைசிராய் என்பதால், இந்த விரைவை அக்காலத்தின் பொது அளவாகக் கொள்ள இயலாது. குற்றம் நிகழ்ந்த இடம் ஒன்று, இறுதிச் சொல் பிறக்கும் இடம் வேறொன்று, நடுவே கடல் என்ற அமைப்பு மட்டும் அப்போதே தெளிவாகத் தெரிகிறது.

விடுதலைக்குப் பின்னும் அவ்வமைப்பு மாறவில்லை. 1953ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் அதிகார எல்லையைத் தீவுகளுக்கு விரித்தது. இன்று போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) சுற்று அமர்வு கூடுகிறது. நீதிபதிகள் முறைவைத்துக் கொல்கத்தாவிலிருந்து வருகின்றனர். நீதிமன்றம் கடல் கடந்து வரக் கற்றுக்கொண்டது. வழக்குக் கட்டும் அவ்வாறு கடக்க இயலுமா என்பதே மேகக் கணிமை எழுப்பிய கேள்வி.

2008இல் கனடாவின் வான்கூவர் நகரில் ஜாக் நியூட்டன், ரியான் காவ்ரோ ஆகிய இருவர் 'கிளையோ' என்னும் மென்பொருளை வெளியிட்டனர். கிளையோ கிரேக்க மரபில் வரலாற்றுக்குரிய தெய்வத்தின் பெயர். வரலாற்று மாணவர்கள் புன்னகைத்துக்கொள்ளலாம். தனித்தும் சிறு குழுவாகவும் தொழில் செய்யும் வழக்கறிஞர்களின் கோப்பு, நாட்காட்டி, கட்டணக் கணக்கு ஆகியவற்றை அலுவலகக் கணினியில் அல்லாமல் நிறுவனத்தின் தொலைதூர வழங்கிகளில் வைத்து, இணையம்வழி பயன்படுத்தத் தந்த முன்னோடிகளுள் அது ஒன்று. 2024இல் 90 கோடி டாலர் முதலீடு திரட்டியபோது அதன் மதிப்பு 300 கோடி டாலராகக் கணிக்கப்பட்டது.

இவ்வளர்ச்சி சொல்லாமல் கொண்டிருந்த முதல் முன்னிபந்தனை, அறாத இணையம். அந்தமானில் அது நெடுங்காலம் இல்லை. புவிநிலைச் செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு கோரிக்கை சென்று விடை திரும்புவதற்கே அரை நொடி கழியும். அலைவரிசையும் குறுகியது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைந்த கடலடிக் கண்ணாடியிழைக் கம்பி 2020 ஆகஸ்ட் 10இல்தான் தொடங்கிவைக்கப்பட்டது. பெருந்தொற்றுக் காலக் காணொளி விசாரணை பற்றிய உச்ச நீதிமன்ற ஆணை அதே ஆண்டு ஏப்ரல் 6இல் பிறந்தது. நாட்டின் நீதிமன்றங்கள் திரைக்கு மாறியபோது தீவுகளின் கம்பி இன்னும் திறக்கப்படவில்லை. அக்கம்பி கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் உள்ளிட்ட இடங்களில் கரையேறியது. இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட கச்சால் அப்பட்டியலில் இல்லை.

கட்டண முறையும் வேறு. வட அமெரிக்க மென்பொருளின் நெஞ்சம் மணிக்கணக்கு. இந்திய விசாரணை நீதிமன்ற வழக்கறிஞர் பெரும்பாலும் வழக்குக்கோ வாய்தாவுக்கோ கட்டணம் பெறுபவர். அவருக்கு உயிரானது வாய்தா நாட்குறிப்பு. அந்நாட்குறிப்பை இங்கே முதலில் மின்மயமாக்கியது சந்தை அன்று, அரசு. 2007இல் தொடங்கிய மின்-நீதிமன்றத் திட்டத்தின்கீழ், தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய மென்பொருள் கீழமை நீதிமன்றங்களுக்குச் சென்றது. வழக்கு ஒவ்வொன்றும் 16 குறிகள் கொண்ட அடையாள எண் பெற்றது. அடுத்த வாய்தா எது என்பதைக் கைப்பேசியில் காசின்றி அறியலாம். 2023 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற மூன்றாம் கட்டத்துக்கு 7,210 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. வான்கூவரில் நிறுவனம் விற்றதில் ஒரு பகுதியை இங்கே அரசு இலவசமாகத் தந்துவிட்டதால், தனியார் மென்பொருளுக்கு எஞ்சியது நீதிமன்றம் காணாத பகுதி: கட்சிக்காரர் சொன்னவை, வழக்கறிஞர் குறித்துக்கொண்டவை, இன்னும் தாக்கலாகாத வரைவுகள்.

சிக்கல் இங்கேதான். அமெரிக்காவின் வட கரோலினா வழக்கறிஞர் மன்றம் 2011ஆம் ஆண்டின் நெறிக் கருத்துரையில், தக்க கவனத்துடன் இத்தகைய சேவையைப் பயன்படுத்தலாம் என்றது. இந்தியாவில் கட்சிக்காரரின் இரகசியத்தைக் காத்தது இந்தியச் சாட்சியச் சட்டம். அது இயற்றப்பட்ட நாள் 1872 மார்ச் 15, ஷேர் அலி தூக்கிலிடப்பட்டு நான்காம் நாள். அதன் 126ஆம் பிரிவு வழக்கறிஞரின் வாயைக் கட்டியது. 127ஆம் பிரிவு அக்கட்டை மொழிபெயர்ப்பாளருக்கும் குமாஸ்தாவுக்கும் ஊழியருக்கும் நீட்டியது. வங்காளமும் தமிழும் தெலுங்கும் இந்தியும் நிக்கோபாரியும் ஒரே ஊரில் புழங்கும் தீவில் மொழிபெயர்ப்பாளரின் இடம் சிறிதன்று. அவரும் குமாஸ்தாவும் கட்சிக்காரர் கண்ணால் கண்டவர்கள். மாதச் சந்தா பெற்றுக் கோப்பை வேறொரு நகரில் வைத்திருக்கும் நிறுவனம் குமாஸ்தாவா, ஊழியரா, வெறும் பெட்டகமா? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 132ஆம் பிரிவும் மொழிபெயர்ப்பாளரையும் குமாஸ்தாவையும் பணியாளரையுமே பெயர் சொல்லிக் குறிக்கிறது. கட்டை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அதில் ஒரு சொல்லும் இல்லை.