தென்னாற்காட்டுத் துப்பாக்கிகள்

கடலூருக்கு வடக்கே, கெடிலத்துக்கும் பெண்ணையாற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தில், குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊர் இருக்கிறது. 1690-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கும்பினியார், செஞ்சியிலிருந்து அரசு செலுத்திய மராத்திய மன்னர் ராஜாராமிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் சென்று விழுமோ அவ்வளவு தூரத்துக்கு உட்பட்ட நிலமெல்லாம் கோட்டையையே சேரும் என்பது கிரயத்தின் நிபந்தனையாக இருந்தது. அப்போது சென்னையில் கவர்னராக இருந்த எலிஹு யேல் காரியத்தில் வெகு கெட்டிக்காரர். நெடுந்தூரம் சுடத்தக்க பீரங்கியாகப் பார்த்து அனுப்பியதோடு, சுடுகிறவன் தன் சாமர்த்தியம் முழுவதையும் காட்டவேண்டும் என்று ஆக்ஞையும் பிறப்பித்தார். குண்டு விழுந்த எல்லைக்குள் கடலூர்ப் பட்டணமும் சுற்றியிருந்த சிற்றூர்களும் அகப்பட்டுக்கொண்டன. அவற்றைக் குண்டு கிராமங்கள் என்று ஜனங்கள் வழங்கினார்கள்.

நிலத்தை ஒருவர் இப்படி வளைத்துக்கொண்டதை நான் புகழ்ந்து பேச வரவில்லை. ஆனால் ஆயுதம் தேடுகிறவன் முதலில் அதனால் ஆகவேண்டிய காரியம் இன்னதென்று நிச்சயித்துக்கொண்டு, அதன் பிறகே அந்தக் காரியத்துக்குத் தக்க ஆயுதத்தைத் தெரிந்தெடுக்க வேண்டும் என்ற விவேகம் அந்த ஒரு வெடியில் இருந்தது. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கங்களில் வயல் நடுவே தனித்து நிற்கும் வீடுகளில் வசிக்கிறவர்களில் சிலர், பழைய சிப்பாய்த் துப்பாக்கியோ போலீஸ் துப்பாக்கியோ விலைக்கு வந்தால், அபூர்வப் பொருளாகவும் ஆயிற்று, வீட்டுக்குக் காவலாகவும் ஆயிற்று என்று அதை வாங்கிவிடலாமா என யோசிக்கிறார்கள். அவர்களுக்கு இந்த ஜில்லாவின் துப்பாக்கிச் சரித்திரமே விடை சொல்லும் என்பது என் அபிப்பிராயம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தக் கரையோரம் வெடிமருந்தின் புகை அடங்காத பிரதேசமாக இருந்தது. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி தேவனாம்பட்டினத்துக் கோட்டையைப் பிடித்து இடித்தான். சிதம்பரத்து நடராஜப் பெருமானின் ஆலயமே மதிலும் காவலும் கொண்ட கோட்டையாக மாறிய காலம் அது. அதனுள்ளே இருந்த ஹைதர் அலியின் படையை 1781 ஜூன் 18-ஆம் தேதி ஆங்கிலத் தளபதி ஸர் அயர் கூட் தாக்கி, முடியாமல் பின்வாங்கி, இரண்டு வாரத்துக்குள் ஜூலை 1-ஆம் தேதி பரங்கிப்பேட்டையில் வெற்றி கண்டார். யுத்தங்கள் ஓய்ந்து பாளையக்காரர்களும் அடங்கியபின், 1801 டிசம்பரில் வெளியான பிரகடனம் தென்னாட்டு மக்களின் கையிலிருந்த ஆயுதங்களைக் களையச் சொன்னது.

1857-க்குப் பிறகு நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. இந்தியச் சிப்பாய்களிடம் நம்பிக்கை இழந்த சர்க்கார், குறி தவறாமல் சுடுவதற்காகக் குழலின் உட்புறத்தில் வெட்டப்பட்டிருந்த மரைகளைக் குடைந்து எடுத்துவிட்டு, உள்ளே வழவழப்பாகிவிட்ட என்ஃபீல்டு துப்பாக்கிகளை அவர்கள் கையில் கொடுத்தது. நல்ல துப்பாக்கியை வேண்டுமென்றே குறைப்படுத்திக் கொடுப்பது அன்று ஒரு ராஜதந்திரமாகவே இருந்தது. அதன் தொடர்ச்சிதான் 1878-ஆம் ஆண்டில் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம். ஐரோப்பியருக்கு விலக்கு அளித்து, இந்தியப் பிரஜை லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கலாகாது என்று அது விதித்தது. 1887-இல் சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரஸ் மகாசபை இதை எதிர்த்துத் தீர்மானம் செய்தது. அஹிம்சையை உயிராகக் கொண்ட காந்தியடிகளே 1930-இல் வைஸ்ராயின் முன் வைத்த பதினொரு கோரிக்கைகளில், ஜனங்களின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு, தற்காப்புக்கான துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரவேண்டும் என்பதும் ஒன்று. அதில் முரண்பாடு ஏதும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. அவமதிப்பை நீக்கவேண்டும் என்பதே அந்தக் கோரிக்கையின் சாரம்.

கிராமத்து விவசாயி கண்ட துப்பாக்கியோ வேறு. பன்றியும் நரியும் வயலில் இறங்கும் காலத்தில் அவன் தோளில் கிடந்தது மருந்து கிட்டிக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கி. கருமருந்தை அளந்து குழலின் வாயில் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்து, இருப்புச் சலாகையால் இடித்துக் கிட்டித்து, ஈய ரவையைப் போட்டு, மறுபடியும் நாரை அடைத்து, கடைசியாகக் குதிரையைத் தூக்கிக் கேப்பைப் பொருத்தியான பிறகே அது ஒரு முறை வெடிக்கும். அடுத்த வெடிக்கு அத்தனையும் மறுபடி முதலிலிருந்து செய்தாகவேண்டும். கருமருந்தின் கரி ஈரத்தை இழுக்கும் குணமுடையது. உப்புக்காற்று வீசும் கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கத்தில் சுட்ட அன்றே வெந்நீர் விட்டுக் கழுவி எண்ணெய் இடாவிட்டால், சில தினங்களில் குழலுக்குள் துரு படர்ந்துவிடும். நரிக்குறவர் குடும்பங்களும் இந்த வகைத் துப்பாக்கியைக்கொண்டே பல தலைமுறைகள் ஜீவனம் செய்தார்கள். 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்ததும் அவர்களுடைய வேட்டைத் தொழில் ஒடுங்கியது. மாரிகாலத்தில் வீராணம் ஏரிக்கு வரும் நீர்ப்பறவைகளைச் சுட்டு வந்தவர்களின் பொழுதுபோக்கும் அத்தோடு முடிந்தது. பின்னது முடிந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. முன்னதில் நிறைய உண்டு, ஏனெனில் போன தொழிலுக்கு ஈடான தொழில் அவர்களுக்கு எளிதில் கிட்டவில்லை.

இனி, போருக்கென்றே செய்த ரவைத் துப்பாக்கியைப் பார்ப்போம். அமெரிக்கர் முதல் உலக யுத்தத்தில் பதுங்குகுழிச் சண்டைக்காகக் கொண்டுபோன வின்செஸ்டர் 1897 அந்த வகையில் பேர்போனது. 20 அங்குலக் குழல், கை சுடாமல் இருக்கத் துளையிட்ட தகட்டு மூடி, முனையில் பயனெட்டு என்று அமைந்த அதன் கொடுமையைக் கண்டு, 1918 செப்டம்பரில் ஜெர்மானிய சர்க்கார் அது யுத்த தர்மத்துக்கு விரோதமானது என்று ஆட்சேபம் எழுப்பியது. அமெரிக்கா அதை ஏற்கவில்லை. நம் தேசத்தில் அதற்கு உறவுமுறை கொண்டாடக்கூடியது வங்காளத்து இச்சாப்பூர் தொழிற்சாலையில் உருவான .410 மஸ்கட். ராணுவத்தின் .303 ரைஃபிளை எடுத்து, மரை இல்லாத குழலாக்கி, தோட்டாப் பெட்டி இருந்த இடத்தை மரக்கட்டையால் அடைத்து, ஒரு தடவைக்கு ஒரே தோட்டா என்று குறுக்கி, போலீஸாருக்கும் சிறைக் காவலர்களுக்கும் அதைக் கொடுத்தார்கள். அதன் தோட்டாவும் தனி: .303 தோட்டாவின் கூட்டையே கழுத்து ஒடுக்காமல் நேராக விட்டுச் செய்தது. கடையில் கிடைக்கும் சாதாரண .410 தோட்டா அதில் உட்காராது. பறித்துக்கொண்டு போகிறவனுக்குப் பயன்படக்கூடாது என்ற எண்ணம் இத்தகைய அமைப்புகளுக்குப் பின்னால் இருந்தது. விலை கொடுத்து வாங்குகிறவனுக்கும் அது அதே காரணத்தால் பயன்படாது. அயல்நாட்டில் இவற்றைச் சேகரிப்போர் உண்டு; கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து அழகு பார்க்க இவை ஏற்றவைதாம்.

மிராசுதார் வீடுகளில் காணப்படும் இரட்டைக்குழல் பன்னிரண்டு ‘போர்’ (குழல் அளவு) துப்பாக்கியையும் சொல்லவேண்டும். 1980-களில் இறக்குமதி தடைப்பட்ட பிறகு, பர்மிங்ஹாமிலும் பெல்ஜியத்து லியேஜிலும் செய்யப்பட்ட பழைய துப்பாக்கிகளுக்கு மதிப்பு ஏறிவிட்டது. அப்படி ஒன்றைக் கையில் எடுப்பவர் குழலின் மேற்புறத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். மரத்தின் வைரரேகைபோல் நெளிநெளியான கோடுகள் தென்பட்டால், அது இரும்பையும் எஃகையும் பட்டையாகச் சுற்றிப் பற்றவைத்து அடித்த டமாஸ்கஸ் குழல். கருமருந்துக் காலத்து வேலைப்பாடு அது. அந்த அழகுக்கு நிகரில்லை. ஆனால் இன்றைய புகையில்லா மருந்தின் அழுத்தத்தை அது தாங்கும் என்று நம்பி, பூனாவுக்கு அருகே கிர்க்கியில் செய்த புதுத் தோட்டாவை அதில் போட்டுச் சுடுகிறவனுடைய இடது கைக்கு நான் ஜாமீன் சொல்லமாட்டேன். குழலின் அடியில் புகையில்லா மருந்துக்கான சோதனை முத்திரை இருக்கிறதா என்பதையும், தோட்டா அமரும் அறை பழைய இரண்டரை அங்குல அளவா என்பதையும் தேர்ந்த கைவினைஞரிடம் காட்டித் தெரிந்துகொள்ளாமல் விலை பேசுவது தவறு.

சட்டமும் உபயோகத்தைத்தான் முதலில் கேட்கிறது. 1959-ஆம் ஆண்டுச் சட்டம், தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ என்றால் 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுடைய மரையற்ற துப்பாக்கியையும், பயிர்ப் பாதுகாப்புக்கு என்றால் மருந்து கிட்டிக்கும் துப்பாக்கியையும் குறிப்பிட்டுச் சொல்கிறது. பழுது பார்த்தாலும் சுட முடியாத புராதனத் துப்பாக்கிக்கு அதன் 45-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. ஆகவே, சுடக்கூடியதாக இருந்தால் அதற்கு லைசென்ஸ் வேண்டும். சுடமுடியாததாக இருந்தால் அதனால் காவல் இல்லை. 2019 முதல் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிகளே உச்ச வரம்பு. ஓரிடத்தை அழகுக்கென்று செலவழித்தால் மிச்சம் ஒன்றுதான். தேர்தல் வந்தால் அதையும் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு இருக்கவேண்டியிருக்கும்.

ஆகையால், களத்து வீட்டுக் காவலுக்காகப் பழைய போர்த் துப்பாக்கியை வாங்கவேண்டாம் என்பதே என் முடிவு. பயிருக்கு ஆபத்து மெய்யாகவே இருந்து, லைசென்ஸும் கிடைக்குமானால், தோட்டா எளிதில் கிடைக்கும் சாதாரண ஒற்றைக்குழல் துப்பாக்கி போதும். அதற்கும் முன்னால் ஒரு நல்ல வேலி, விளக்கு, அக்கம்பக்கத்தார் சிநேகம் ஆகியவற்றைத் தேடிக்கொள்ளட்டும். பாட்டனார் காலத்துத் துப்பாக்கி லைசென்ஸ் புதுப்பிக்கப்படாமல் பரணில் கிடக்கும் வீட்டார், அதை மறைத்து வைக்காமல் போலீஸ் நிலையத்திலோ அனுமதி பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து, வாரிசு முறையில் லைசென்ஸ் கேட்டு மாவட்ட ஆட்சியருக்கு மனுச் செய்துகொள்ளட்டும். அது வேண்டாதவர்கள், முறைப்படி அனுமதி பெற்று, அதைக் கடலூர் அரசு அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க முன்வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.