ஒரே கல்யாணம், இரண்டு கவுண்டர்கள்

கணவர் டொராண்டோவில், மனைவி கொழும்பில். ஸ்பான்சர் மனு போட்டாயிற்று. பி.ஆர். (நிரந்தர வதிவுரிமை) வரும்வரை விசிட்டர் விசாவில் போய் இருந்துவிட்டு வரலாமா என்பது கேள்வி. கணவரை நியூ ஜெர்சிக்கும் மனைவியைச் சென்னைக்கும் மாற்றிப் பார்த்தால் கேள்வி மாறுவதில்லை, சட்டம்தான் தலைகீழாகிறது.

அமெரிக்கச் சட்டம் சந்தேகத்தில் தொடங்குகிறது. 1952ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம், 214(பி) பிரிவில், வருகிறவரைக் குடியேற வருகிறவராகவே கருதச் சொல்கிறது. அப்படியில்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. எச்-1பி, எல்-1 போன்ற சில விசாக்களுக்குத்தான் இதிலிருந்து விலக்கு, விசிட்டர் விசாவான பி-2வுக்கு இல்லை. கனடாவின் குடிவரவுச் சட்டமோ, நிரந்தரமாகக் குடியேறும் எண்ணம் ஒருவருக்கு இருப்பதே தற்காலிகமாக வருவதற்குத் தடையாகாது என்று 22(2) பிரிவில் வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறது. ‘இரட்டை நோக்கம்’ என்று பெயர். அங்கே ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைப்பது குற்றமில்லை.

அதனால் ஸ்பான்சர் மனு என்ற ஒரே தாள் இரண்டு இடத்தில் இரண்டு வேலை செய்கிறது. அமெரிக்க டிஎஸ்-160 படிவம், உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா என்று நேரடியாகக் கேட்கிறது. ஆம் என்று எழுதிய கணமே ஐ-130 என்ற அந்தக் குடியேற்ற மனு எதிர்த்தரப்புச் சாட்சியாகிவிடுகிறது. இல்லை என்று எழுதினால் அது பொய். பின்னால் கிரீன் கார்டுக்கே உலை வைக்கும். கனடாவிலோ, நிலுவையில் உள்ள மனுவை விண்ணப்பக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே சொல்லி, 22(2)ஐயும் சுட்டிக்காட்டுவது வழக்கம். பி.ஆர். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது விசா விதியை மீறி அதைக் கெடுத்துக்கொள்வாரா என்ற வாதம் அங்கே எடுபடுகிறது. அமெரிக்கக் கவுண்டரில் அதே வாதத்துக்குப் பெரிய மதிப்பில்லை.

இவ்வளவோடு நிறுத்தினால் ஒன்று திறந்த கதவு, மற்றது மூடிய கதவு என்றாகிவிடும். அது பாதி உண்மைதான். 22(2)இன் பின்பாதியைப் படிக்க வேண்டும்: அனுமதித்த காலம் முடிவதற்குள் புறப்பட்டுவிடுவார் என்று அதிகாரி திருப்தியடைந்தால் மட்டுமே அந்தச் சலுகை. 214(பி)யும் அதிகாரியின் திருப்தியைத்தான் கேட்கிறது. எதிரெதிர் முனையில் தொடங்கிய இரண்டு சட்டங்களும் ஒரே நாற்காலியில் வந்து உட்காருகின்றன. கனடா மறுப்புக் கடிதங்களில் அடிக்கடி தென்படும் காரணம் என்ன தெரியுமா? கனடாவில் உள்ள குடும்பப் பிணைப்பு. பி.ஆர். கோப்பில் கல்யாண ஆல்பமும் வாட்ஸ்அப் உரையாடலும் உறவு உண்மையானது என்பதற்குச் சான்று. விசிட்டர் கோப்பில் அதே உறவு, திரும்ப மாட்டார் என்பதற்குச் சான்று. உறவு எவ்வளவு உறுதியோ அவ்வளவு சிக்கல்! இந்த விநோதத்தில் இரண்டு நாடுகளும் உடன்பிறப்புகள்.

அதை இரண்டுமே உணர்ந்து வழி தேடியிருக்கின்றன என்பது அடுத்த ஒற்றுமை. அமெரிக்கா 2000இல் சட்டமே இயற்றி, குடிமக்களின் துணைவர்களுக்கென்று கே-3 விசாவை உண்டாக்கியது. ஐ-130 முடிவாகும்வரை பிரிந்திருக்க வேண்டாம் என்பதே நோக்கம். நடைமுறையில் கே-3 மனுவும் ஐ-130 மனுவும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நகர, கே-3 கோப்பு மூடப்பட்டுவிடுகிறது; அந்த விசா இன்று பேருக்குத்தான் இருக்கிறது. கனடா சட்டத்தைத் தொடவில்லை. 2023 மே மாதம் ஒரு நிர்வாக அறிவிப்பில், ஸ்பான்சர் மனு உள்ள துணைவர்களின் விசிட்டர் விசாக்களில் பெரும்பாலானவற்றை 30 நாளில் முடிப்பதாகச் சொன்னது. வந்து சேர்ந்தவர்கள் ஓப்பன் வொர்க் பெர்மிட் கேட்கவும் இடம் கொடுத்தது. சட்டம் செய்யாததை ஒரு சுற்றறிக்கை செய்யும் என்பது நம் ஊர்க்காரர்களுக்கு வியப்பாக இருக்காது.

உள்ளே போன பிறகு சாதாரணமாக இரண்டிலும் ஆறு மாதம். ஆனால் கனடாவில் நீட்டிப்புக் கேட்டபடியே பி.ஆருக்குக் காத்திருக்கலாம். அமெரிக்காவில் பி-2வில் நுழைந்த 90 நாளுக்குள் அந்த விசாவின் நோக்கத்துக்கு முரணாக நடந்தால், நோக்கத்தை மறைத்து விசா வாங்கியதாகத் தூதரகக் கையேடு ஊகிக்க இடம் தருகிறது.

மறுப்பு வந்தால்? அமெரிக்கக் கவுண்டரில் சில நிமிடப் பேச்சு, கையில் ஒரு தாள். மேல்முறையீடு கிடையாது, மறுபடி கட்டணம் கட்டி வரிசையில் நிற்கலாம். 2024இல் முன்யோஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், வெளிநாட்டுத் துணைவரை நாட்டுக்குள் அனுமதிக்கக் கோரும் அடிப்படை உரிமை குடிமக்களுக்கு இல்லை என்றது. அது குடியேற்ற விசா பற்றிய வழக்கு. விசிட்டர் விசாவின் கதியைச் சொல்லவே வேண்டாம். கனடாவில் பெரும்பாலும் முகம் பார்ப்பதே இல்லை, எல்லாம் காகிதத்தில். அதனாலேயே தடயம் மிஞ்சுகிறது. கனடாவிலிருக்கும் துணைவர் அதிகாரியின் குறிப்புகளைக் கேட்டு வாங்கலாம். ஃபெடரல் கோர்ட்டுக்கும் போகலாம். இரட்டை நோக்கத்தைக் கணக்கில் எடுக்காத மறுப்புகளை அந்த நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. ஆனால் ரத்து செய்யும் நீதிமன்றம் வழக்கமாக விசாவைத் தானே கொடுப்பதில்லை. கோப்பை இன்னொரு அதிகாரிக்கு அனுப்புகிறது, அவர் திருப்தியடைகிறாரா என்று பார்க்க.